பயத்துக்காகக் கூட்டிய ஏழு நொட்

பத்திரிகைத் தொழிலில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காலங்கழித்தவன் நான். செய்தி தேடிப் போன காலத்தில் பெரியதும் சிறியதுமாகப் பல விமானங்களில் ஏறி இறங்கியிருக்கிறேன். ஆயினும் ஒரு விமானம் எவ்வாறு தரையிறங்குகிறது என்று ஒருநாளும் சிந்தித்ததில்லை. சக்கரம் தரையைத் தொட்டதும் ஒரு பெருமூச்சு. அதன்பின் இருக்கைப் பட்டியைக் கழற்றுவதற்கு அவசரம். அத்தோடு சரி. அண்மையில் இரத்மலானையில் ஒரு சிறிய விமானத்தின் பின்னிருக்கையில் அமர்ந்து கண்டவை, இந்த வயதில் எனக்குப் புதிதாகச் சிலவற்றைக் கற்றுத்தந்தன. விமானத்தைப் பற்றி மட்டுமல்ல, என் தொழிலில் நான் செய்த ஒரு பிழையைப் பற்றியும்தான். அதையே இன்று எழுதுகிறேன்.

என் தம்பி காலமாகி ஒன்பது ஆண்டுகளாகின்றன. அவனுடைய ஒரே மகள், என் பெறாமகள், படிப்பை முடித்துக்கொண்டு கொழும்பில் வேலை பார்க்கிறாள். சம்பளத்தில் பெரும்பகுதியை இரத்மலானையிலுள்ள ஒரு விமானப் பயிற்சி நிலையத்தில் கொண்டுபோய்க் கட்டுகிறாள். விமானி உரிமம் பெறவேண்டும் என்பது அவளுடைய ஆசை. தாய்க்கு அதில் துளியும் விருப்பமில்லை.

"அண்ணை, நீங்கள் சொன்னால் கேப்பாள். ஒருக்காப் போய்ப் பாத்துப்போட்டு, உது வேண்டாமெண்டு சொல்லிவிடுங்கோ" என்று ஒருநாள் தொலைபேசியில் அழாக்குறையாகச் சொன்னார் தம்பியின் மனைவி.

அந்தத் தாயின் பயத்தை இலேசாகத் தள்ளிவிட முடியாது. 2007ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் விடுதலைப் புலிகளின் சிறிய விமானங்கள் கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தைத் தாக்கின. 2009ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் திகதி இரவு இரண்டு சிறிய விமானங்கள் கொழும்பை நோக்கி வந்தன. ஒன்று நகரின் நடுவே இறைவரித் திணைக்களக் கட்டடத்தில் மோதியது. மற்றையது கட்டுநாயக்காவுக்கு அருகே வீழ்ந்தது. மின்சாரம் அணைக்கப்பட்ட அந்த இரவுகளையும், வானத்தை நோக்கி எழுந்த துப்பாக்கிச் சன்னங்களின் சிவப்புக் கோடுகளையும் கொழும்பில் வாழ்ந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பெறாமகள் அப்போது பள்ளிக்குப் போகத் தொடங்கியிருந்த சிறுமி. தாய் அவளை அணைத்தபடி கட்டிலுக்குக் கீழே கிடந்தவர். சிறிய விமானம் என்றதும் அவருடைய காதில் விழுவது அந்த இரவின் ஓசைதான்.

எனக்கோ வேறொரு நினைவு. எயார் சிலோன் விமானம் பலாலியில் இறங்குவதைப் பார்ப்பதற்காகவே சைக்கிள் மிதித்துப் போன பொடியன்களில் நானும் ஒருவன். ஆகவே, மறுப்புச் சொல்லும் தூதனாகப் புறப்பட்டவனின் மனதுக்குள் ஒரு சிறுவனின் ஆவலும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரத்மலானை பழைய விமான நிலையம். 1935ஆம் ஆண்டு அங்கே முதல் விமானம் இறங்கியது. 1947 டிசம்பரில் எயார் சிலோனின் முதலாவது பயணிகள் சேவை அங்கிருந்துதான் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. அதன் ஓடுபாதை வடகிழக்கிலிருந்து தென்மேற்காக 1,800 மீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், காற்றை எதிர்கொண்டு இறங்கவேண்டும் என்பதால், விமானங்கள் அத்திடியச் சதுப்பு நிலத்தின் பக்கமாக வந்து கடலை நோக்கி இறங்குகின்றன. காற்று எதிரே வந்தால் தரையைப் பொறுத்தவரை விமானத்தின் வேகம் குறைகிறது. குறைந்த தூரத்தில் நின்றுவிடலாம்.

"அம்மாதானே அனுப்பினவ?" என்று என்னைக் கண்டதும் சிரித்தாள் பெறாமகள். பொய் சொல்ல மனம் வரவில்லை. தலையை ஆட்டினேன்.

அவளுடைய பயிற்றுநர் அறுபதைத் தாண்டிய சிங்களவர். நிதானமான மனிதர். பறப்பதற்கு முன்னர் மேசையில் ஒரு தாளை விரித்துவைத்து, அவளுக்குச் சொல்வதுபோல் எனக்கும் பாடம் நடத்தினார். விமானம் செஸ்னா 172. நான்கு பேர் இருக்கக்கூடிய, சிறகு மேலே அமைந்த ஒற்றை எஞ்சின் விமானம். 1955ஆம் ஆண்டு முதன்முதலில் பறந்த இந்த வகையில் இதுவரை 44,000க்கு மேற்பட்டவை கட்டப்பட்டுள்ளன. உலகில் வேறெந்த விமானமும் இத்தனை எண்ணிக்கையில் கட்டப்படவில்லை.

அவர் முதலில் எழுதிய எண் 48. சிறகு காற்றைச் சந்திக்கும் கோணம் ஓர் எல்லையைத் தாண்டினால், காற்று சிறகின் மேற்பரப்பைத் தழுவிச் செல்லாமல் பிரிந்துவிடும். விமானத்தைத் தூக்கி வைத்திருக்கும் விசை சட்டென்று குறைந்துவிடும். இதை விமானிகள் 'ஸ்டோல்' என்கிறார்கள். மோட்டார் வண்டியின் எஞ்சின் நின்றுபோவதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதும் சிறகு ஸ்டோல் ஆகலாம். செஸ்னா 172இன் 'எஸ்' வகையில், முழுச் சுமையுடன், சிறகின் பின்விளிம்பிலுள்ள பிளாப் எனப்படும் தகடுகளை முழுவதும் கீழே இறக்கியிருக்கும் நிலையில், அது ஏறக்குறைய 48 நொட் வேகத்தில் நிகழ்கிறது. ஒரு நொட் என்பது மணிக்கு 1.852 கிலோமீற்றர். ஆகவே 48 நொட் என்பது மணிக்கு 89 கிலோமீற்றர் அளவில்.

அந்த 48ஐ 1.3ஆல் பெருக்கினார். 62 வந்தது. தரையை நோக்கி வரும்போது இந்த இடைவெளி போதும் என்பது விமானிகளின் நெடுங்கால வழக்கம். விமானத்தின் கையேடும் இதற்கு ஒத்தே பேசுகிறது: குறுகிய ஓடுபாதைக்கு 61 நொட், சாதாரண இறக்கத்துக்கு, பிளாப் இறக்கிய நிலையில், 60 முதல் 70 வரை. அவர் தம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது 65.

"இன்னும் கொஞ்சம் கூடுதலாக வந்தால் கூடுதல் பாதுகாப்புத்தானே?" என்று கேட்டேன். வீதியில் வேகத்தைக் குறைப்பது பாதுகாப்பு என்றால், வானத்தில் கூட்டுவது பாதுகாப்பாக இருக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

அவர் மறுத்தார். இயங்கும் பொருளின் சக்தி வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. 65க்குப் பதிலாக 75 நொட்டில் வந்தால் வேகம் 15 வீதம்தான் கூடுகிறது. ஆனால் சக்தி மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. அந்தச் சக்தி எங்காவது கரைய வேண்டும். ஓடுபாதைக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் விமானம் இறங்க மறுத்து மிதந்துகொண்டே போகும். பொறுமையிழந்த விமானி அதைத் தரையில் அழுத்த முயல்வான். அப்போது மூக்குச் சக்கரம் முதலில் மோதும், விமானம் துள்ளும், துள்ளலை அடக்க மறுபடியும் அழுத்துவான், அடுத்த துள்ளல் முந்தியதைவிடப் பெரிதாக இருக்கும். மூன்றாவது துள்ளலில் மூக்குச் சக்கரம் முறிந்து, சுழலி தரையில் அடிபட்ட விமானங்களைத் தாம் பார்த்திருப்பதாகச் சொன்னார்.

குறைவாக வந்தாலோ ஸ்டோல். அதுவும் ஓடுபாதையை நோக்கிய கடைசித் திருப்பத்தில் மிகக் கொடியது. உயரத்தை இழக்காமல் 45 பாகை சாய்ந்து திரும்பினால் ஸ்டோல் ஆகும் வேகம் 19 வீதம் கூடுகிறது. 60 பாகை சாய்ந்தால் 41 வீதம். நேராகப் பறக்கும்போது போதுமாயிருந்த வேகம் அந்தத் திருப்பத்தில் போதாமற் போய்விடும். கீழே விழுந்து மீள்வதற்கு அங்கே உயரமும் இருக்காது.

காற்று விட்டுவிட்டு வீசினால் மட்டும் சிறிது கூட்டலாம். அதற்கும் கணக்கு உண்டு. காற்று 10 நொட், இடையிடையே 16 வரை எழுகிறது என்றால் வேறுபாடு 6. அதில் பாதியை, அதாவது 3ஐ, 65உடன் சேர்க்கலாம். 68. அன்று காற்று அப்படித்தான் இருந்தது. அதுவும் ஓடுபாதைக்கு நேராக அல்ல. மேற்கிலிருந்து, எங்களுக்கு வலப்பக்கமாக.

நான் பின்னிருக்கையில் ஏறினேன். என் எடையைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். அந்த வகை விமானத்தின் மிகக்கூடிய எடை 1,157 கிலோகிராம். எடை கூடினால் ஸ்டோல் வேகமும் சிறிது கூடும். பின்னால் ஆள் இருந்தால் சமநிலைப் புள்ளியும் பின்னே நகரும். அதாவது, நான் வெறும் பார்வையாளன் அல்லன். அந்தக் கணக்கில் நானும் ஒரு தொகை.

"இறங்கேக்கை மட்டும் கதையாதேங்கோ பெரியப்பா" என்றாள்.

கடலின்மேல் ஏறித் திரும்பினோம். ஆயிரம் அடி உயரத்தில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பொல்கொடை ஏரி. ஓடுபாதைக்குச் சமாந்தரமாகப் பறந்து, இருமுறை திரும்பி, அத்திடியப் பக்கத்திலிருந்து ஓடுபாதையை நேரே எதிர்கொண்டோம். மேசையில் கேட்ட ஒன்று நினைவுக்கு வந்தது. இறங்கும் விமானத்தின் முன்கண்ணாடியில் எல்லாம் நகர்ந்துகொண்டிருக்கும். ஒரேயொரு புள்ளி மட்டும் மேலும் போகாமல் கீழும் போகாமல் நிற்கும். விமானம் போய்ச் சேரும் இடம் அதுதான். இந்த உண்மையை எளிய மொழியில் விளக்கி விமானிகளுக்கு எழுதியவர்களில் வோல்ஃப்காங் லாங்கவீஷ் முக்கியமானவர். 1944ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய 'ஸ்டிக் அண்ட் றடர்' என்ற நூல் இன்றும் அச்சில் உள்ளது. மூக்கை உயர்த்துவதும் தாழ்த்துவதும் முதலில் வேகத்தை மாற்றும். ஏறுவதையும் இறங்குவதையும் எஞ்சினின் வலுவே தீர்மானிக்கும் என்று, பார்த்த மாத்திரத்தில் தலைகீழாகத் தோன்றும் உண்மையை வற்புறுத்தியதும் அந்த நூலே. அவர் சஞ்சிகைகளுக்கு எழுதிவந்தவர் என்பதும், அவருடைய மகன் வில்லியம் பேர்பெற்ற பத்திரிகையாளராக விளங்கியவர் என்பதும் என் போன்றவனுக்குச் சற்றுப் பெருமை தரும் செய்திகள்.

வேகமானியை எட்டிப் பார்த்தேன். முள் 75இல் நின்றது. பயிற்றுநர் ஒன்றும் பேசவில்லை.

ஓடுபாதையின் தொடக்கத்தைக் கடந்தோம். எஞ்சின் வலுவை முழுவதும் குறைத்து மூக்கை மெதுவாக உயர்த்தினாள். விமானம் இறங்கவில்லை. வெள்ளைக் கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே ஓடின. வலப்பக்கக் காற்று எங்களை இடப்பக்கமாகத் தள்ளத் தொடங்கியது. அவளுடைய கைகள் முன்னோக்கி ஒரு கணம் அழுத்தின, மூக்குத் தாழ்ந்தது, தரை சட்டென்று பெரிதாகியது. பயிற்றுநரின் கை மடியிலிருந்து எழுந்து, கட்டுப்பாட்டுப் பிடிக்கு அருகே வந்து, அதைத் தொடாமல் நின்றது.

அடுத்த கணம் எஞ்சின் முழு வலுவோடு முழங்கியது. "கோயிங் அரவுண்ட்" என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சொன்னாள். மூக்கை நிலைப்படுத்தி, பிளாப்புகளைப் படிப்படியாக மேலே எடுத்து, மீண்டும் கடலை நோக்கி ஏறினாள். பயிற்றுநரின் கை மடிக்குத் திரும்பியது.

இரண்டாவது முறை முள் 68இல் நின்றது. காற்றின் வீச்சுக்கு ஏற்ப ஒன்றிரண்டு கூடிக் குறைந்து, மீண்டும் 68க்கே வந்தது. முன்கண்ணாடியில் அந்தப் புள்ளியும் அசையவில்லை. தரைக்கு அருகே வந்ததும் வலச்சிறகைக் காற்றின் பக்கமாகச் சற்றுத் தாழ்த்தி, இடக்கால் மிதியால் விமானத்தின் முகத்தை ஓடுபாதைக்கு நேராக்கினாள். தூரத்தே ஓடுபாதையின் கோடியைப் பார்த்தபடி, இறங்கத் துடிக்கும் விமானத்தை இறங்கவிடாமல் பிடித்து வைத்திருப்பவள்போல மெல்ல மெல்லப் பின்னே இழுத்தாள். வலச்சக்கரம் முதலில், பின் இடச்சக்கரம், கடைசியில் மூக்குச் சக்கரம். பூப்போல இறங்கியது என்று எழுதினால் பொய்யாகும். ஒரு குலுக்கல் இருந்தது. ஆனால் துள்ளவில்லை.

இறங்கிய பின்னர் மறுபடியும் மேசை. பயிற்றுநர் கடிந்துகொள்ளவில்லை. முதல் முறை ஏன் 75 என்று கேட்டார். அவள் பேசாதிருந்தாள். அவர் தாளில் 65 என்று எழுதினார். அதன் கீழே 3 என்று எழுதி, இது காற்றுக்கு என்றார். அதன் கீழே 7 என்று எழுதி, இது யாருக்கு என்று கேட்டார்.

தான் பயந்துவிட்டதாக ஆங்கிலத்தில் சொன்னாள். பின்னர் என் பக்கம் திரும்பி, "நீங்கள் பின்னாலை இருந்தனீங்கள் பெரியப்பா. உங்களுக்கு ஒண்டும் நடந்திடக் கூடாதெண்டு யோசிச்சன்" என்றாள்.

பயத்துக்காகக் கூட்டும் வேகமே புதிய விமானிகளின் பொதுவான பிழை என்றார் பயிற்றுநர். இரத்மலானையின் நீளமான ஓடுபாதை அந்தப் பிழையை மன்னித்துவிடும். இந்த விமானம் 50 அடி உயரத்திலிருந்து இறங்கி நிற்பதற்குச் சரியான வேகத்தில் ஏறத்தாழ 400 மீற்றர் போதும். இங்கே அதைப்போல் நான்கு மடங்குக்கு மேல் இருக்கிறது. அதனாலேயே இங்கே பழகும் பிழை கண்ணுக்குத் தெரியாமல் வளர்ந்து, பின்னொருநாள் ஒரு சிறிய ஓடுபாதையில் வெளிப்படும். ஆனால் அவள் திரும்பவும் மேலே ஏறிய முடிவு அன்று அவள் செய்தவற்றுள் மிகச் சிறந்தது என்று அவர் முடித்தார். கெட்டுப்போன இறக்கத்தைத் திருத்தி இறங்கிவிடலாம் என்ற ஆசையை வெல்வதுதான் மாணவர்களுக்கு மிகக் கடினமாம்.

வீடு திரும்பும் வழியில் காலி வீதியின் நெரிசலில், பல ஆண்டுகளாக நான் வெளியே சொல்லாத ஓர் இரவு நினைவுக்கு வந்தது.

1980களின் தொடக்கம். இரவு ஆசிரிய பீடத்தில் பொறுப்பாக இருந்தேன். வடக்கே ஒரு பேருந்து விபத்து. நள்ளிரவுக்கு இருபது நிமிடம் இருக்கையில் நிருபர் தொலைபேசியில் இறந்தோரின் பெயர்களைச் சொன்னார். இணைப்பு இரைந்துகொண்டிருந்தது. ஒரு பெயர் எனக்குத் தெளிவாகக் கேட்கவில்லை. ஊரின் பெயரும் அப்படியே. திரும்ப எடுத்துக் கேட்க முயன்றபோது இணைப்புக் கிடைக்கவில்லை. அச்சுக்கூடத்திலிருந்து ஆள் வந்து நின்றார். அந்தப் பெயரை விட்டுவிட்டு, "மேலும் ஒருவர்" என்று போட்டிருக்கலாம். மற்றப் பத்திரிகை முழுப் பட்டியலோடு வந்துவிடுமே என்ற பயம். கேட்டதாக நினைத்ததை எழுதிப் பக்கத்தை அனுப்பினேன்.

அந்தப் பெயருடையவர் அந்த ஊரில் உயிரோடு இருந்தார். வேறொரு மாவட்டத்தில் வேலை பார்த்துவந்த அவருடைய மகன், காலையில் தேநீர்க் கடையில் பத்திரிகையைப் பார்த்து அலறியடித்துக்கொண்டு ஊருக்கு ஓடியிருக்கிறார். உண்மையில் இறந்தவரின் குடும்பமோ, பட்டியலில் பெயர் இல்லாததால் இரண்டு நாள் நம்பிக்கையோடு காத்திருந்தது. மூன்றாம் நாள் நாங்கள் நான்கு வரித் திருத்தம் வெளியிட்டோம். இந்த இரண்டு நாளை அந்த நான்கு வரி ஈடுசெய்யுமா? என்னை எவரும் தண்டிக்கவில்லை. அவசரத்தில் நேர்ந்தது என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். நானும் இத்தனை காலம் அவசரத்தின் மீதே பழியைப் போட்டுவந்தேன். அது அவசரமல்ல, பயம் என்பதை அந்தத் தாளில் எழுதப்பட்ட 7 எனக்குச் சொல்லிற்று. சக்கரம் தரையைத் தொடும்வரை திரும்பி மேலே ஏற வழி இருந்தது. நான் ஏறவில்லை.

இனித் தம்பியின் மனைவிக்கு என்ன சொல்வது? முதல் முறை இறங்க முடியாமல் திரும்பிப்போனதை மறைத்துவிட்டு, எல்லாம் நன்றாக நடந்தது என்று சொல்லியிருக்கலாம். அல்லது அதை மட்டும் சொல்லி, அவர் விரும்பியபடி பயிற்சியை நிறுத்தச் செய்திருக்கலாம். இரண்டையும் செய்ய மனம் ஒப்பவில்லை. அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போய் நடந்தது முழுவதையும் சொன்னேன். 75ஐச் சொன்னேன். தரைக்கு அருகே மூக்குத் தாழ்ந்ததையும், பயிற்றுநரின் கை எழுந்ததையும் சொன்னேன். அவர் கை உதவாமலே அவள் மீண்டும் ஏறியதையும் சொன்னேன்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. தேநீர் ஆறிப்போயிற்று.

"பயந்தவளோ அண்ணை?"

"ஓம், பயந்தவள். நான் பின்னாலை இருந்ததாலை."

"இனியும் அப்பிடிப் பிழைச்சால், திரும்பிப் போவாளோ?"

"போவாள். நான் பாத்தனான்."

அவர் எழுந்து ஆறிப்போன தேநீரை எடுத்துக்கொண்டு குசினிப் பக்கம் போனார். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"அப்ப நீங்கள் இனி அதுக்கை ஏறாதேங்கோ" என்றார்.

சம்மதம் என்று அவர் வாயால் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவும் இல்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமை விடிவதற்கு முன்னர் எழுந்து, இடியப்பமும் சம்பலும் கட்டிக் கொடுத்துவிட்டிருக்கிறார். பெறாமகள் அதைத் தொலைபேசியில் என்னிடம் சொன்னபோது, அன்று எத்தனை நொட்டில் இறங்கினாய் என்று கேட்டேன்.

"அறுபத்தைஞ்சு பெரியப்பா. காத்து இல்லை."